ஏழு வீடுகள், ஒரு செயலாளர்

அறுபத்து நான்கு குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்த அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில்தான் மிச்சம் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் செயலாளர். மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, என் இடத்தில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டார்கள், மேல்வீட்டுக்காரர் விடியற்காலையில் அலமாரியை இழுக்கிறார் என்று யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் அவர் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவையே வந்து தட்டி, லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னார். சோப்பு கண்ணில் இறங்கியது. அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கொஞ்ச நாளைக்குக் கதவைத் தட்ட ஆளில்லாத இடமாப் பார்த்துப் போயிடலாம்" என்றார் மனைவியிடம்.

மனைவியின் தம்பி பயண ஏற்பாடு செய்பவன். பேசிப் பேசியே கல்லைக் கரைப்பான். "மாமா, வெளிநாட்டுல வீட்டு வண்டிப் பயணம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. உங்க வீடு உங்ககூட வரும், பக்கத்து வீடு வராது" என்றான்.

மொத்தம் ஏழு வண்டிகள் வரிசையாகப் போகும் என்பதை விமான நிலையத்தில் வைத்துத்தான் சொன்னான்.

செயலாளர் மனைவியிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் செயலாளரா இருந்தேன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா தலையில கட்டிடுவாங்க."

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்" என்றாள் அவள்.

முதல் நாள் மாலை முகாம் மைதானத்தில் வண்டிகளை நிறுத்தியபோதே செயலாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏழு வீடுகளும் கையெட்டும் தூரத்தில் நின்றன. வலப்பக்கம் ஜவுளிக்கடைக்காரர்: மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு வண்டி நிறைய ஆட்கள். இடப்பக்கம் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். எதிரே ஓய்வுபெற்ற நர்ஸுகளான அக்கா தங்கை இருவர். ஊரில் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் நடுவில் சுவராவது இருந்தது. இங்கே டாக்டர் கொப்பளிப்பதுகூடக் காதில் விழுந்தது.

நல்லவேளையாக ஒரு வழிகாட்டிப் பெண் இருந்தாள். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவறைக்கு அடியில் இருக்கும் கழிவுப் பெட்டியை உருவி எங்கே கொட்ட வேண்டும், வண்டிக்கு வண்டி வாக்கி டாக்கியில் எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். டாக்டர் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டு மூன்று வண்டிகளுக்கு மின்சாரம் போனபோது, செயலாளரின் நாக்கு நுனிவரை ஒரு அறிவுரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

நான்காம் நாள் வழிகாட்டிப் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்தது. குடல்வால் வீங்கியிருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். பயண நிறுவனத்துக்குப் போன் போட்டால், "மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம். திட்டம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோமே, அதைப் பார்த்துப் போய்க்கொண்டே இருங்கள்" என்று பதில் வந்தது.

அன்றைய முகாமில் தலைவனில்லாத படைக்கு என்ன ஆகுமோ அதுவே ஆனது. சமமான தரை இரண்டே இடத்தில் இருந்தது. அதில் ஒன்றில் டாக்டர் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரரின் வண்டி சரிவில் நின்றது. "படுத்தா பேரப்பிள்ளைங்க உருண்டு வந்து என் மேல விழறாங்க" என்று அவர் வெளியில் நின்று சத்தம் போட்டார். தண்ணீர்க் குழாயடியில் நர்ஸ் சகோதரிகளோடு யாரோ வாக்குவாதம் செய்தார்கள். "நமக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும்" என்று ஒரு குரல் கேட்டது.

செயலாளர் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த கட்டிலில் ஏறிப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். "கேட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லு."

"பாத்திரம் கழுவிட்டு வரேன்" என்று மனைவி இறங்கிப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். அதற்குள் வெளியே சத்தம் அடங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. டாக்டருக்கு வெயில் மூஞ்சியில அடிச்சா தூக்கம் கலையுமாம். மரத்தடியில இடம் காட்டினேன், அவராவே நகர்ந்துட்டாரு. ஜவுளிக்காரர் சமத்தரைக்கு வந்துட்டாரு. அவங்க தொட்டிதான் முதல்ல காலியாகும், அதனால காலையில முதல் தண்ணி அவங்களுக்கு. நர்ஸம்மாங்க ரெண்டு பேரும் எப்படியும் இருட்டோட எழுந்துக்கறவங்க. குழாயை அவங்க பார்த்துக்குவாங்க."

செயலாளர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். கூரை தலையில் இடித்தது.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"பதினோரு வருஷமா உங்ககிட்ட வந்த புகாரெல்லாம் முதல்ல சமையல்கட்டுக்குத்தானே வந்துச்சு. நான் பாதி முடிச்சு அனுப்புவேன், நீங்க கையெழுத்துப் போடுவீங்க."

"அஞ்சாவது மாடித் தண்ணிக் கசிவு? அதுக்கு நான் மூணு நோட்டீஸ் விட்டேனே."

"அந்த வீட்டம்மாவும் நானும் ஒண்ணா நடக்கப் போவோம்ல, அப்பப் பேசி முடிச்சோம். பிளம்பரை நாந்தான் வரச்சொன்னேன்." அவள் பாத்திரங்களை அடுக்கி, வண்டி ஓடும்போது திறந்துகொள்ளாமல் அலமாரிக் கொக்கியை மாட்டினாள். "நோட்டீஸும் நல்லாத்தான் இருந்துச்சு. எழுத்து முத்து முத்தா."

அந்தக் கசிவைச் சரிசெய்ததற்காகத்தான் குடியிருப்புச் சங்கம் அவருக்குக் கேடயம் கொடுத்தது. வரவேற்பறையில் அதற்கென்றே ஒரு விளக்கு போட்டிருந்தார்.

மறுநாளிலிருந்து கதவு தட்டப்பட்டது. முதல் தட்டலுக்கே செயலாளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரக்கமே இல்லாத முகத்தைத் தயார் செய்துகொண்டு திறந்தார். யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லப் பத்து வாக்கியங்கள் கைவசம் இருந்தன.

வாசலில் ஜவுளிக்கடைக்காரர் நின்றார். "அக்கா இல்லீங்களா?"

அவளைவிட நான்கு வயதாவது மூத்த மனிதர். அவருக்கே அவள் அக்கா ஆகிவிட்டாள்.

"என்ன விஷயம்?"

"பரவாயில்லைங்க, அக்கா வந்ததும் சொல்லிக்கிறேன்."

இப்படி ஒரு நாளில் ஆறு தட்டல். ஒருவர்கூட அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. தட்ட ஆளில்லாத இடத்துக்கு வர ஆசைப்பட்டவருக்கு, தட்டியும் தன்னைத் தேடாத ஆட்கள் கிடைத்திருந்தார்கள். இதில் மகிழ வேண்டிய மனம் ஏனோ கசந்தது. டாக்டரிடம் தானாகப் போய், கெட்டிலையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடக் கூடாது என்று மின்சாரக் கணக்கோடு விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினார். நீர் பிடிக்கும் நேரம், கழிவு கொட்டும் முறை, வண்டிகளுக்கு இடையே விட வேண்டிய தூரம் எல்லாம் உட்பிரிவுகளோடு. அதைக் குழாயடியில் ஒட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் பார்த்தால், நர்ஸ் சகோதரிகளில் இளையவள் அதை வைத்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்ல கெட்டித் தாள்" என்று மெச்சினாள்.

அவருடைய கோபம் மனைவிமேல் திரும்பியது. மறுநாள் புறப்படும்போது அவள், "நாம கடைசி வண்டியா வரலாங்க. யாராவது பின்தங்கினா தெரியும்" என்றாள்.

"நீ சொன்னாச் சரி. நீதானே இப்ப எல்லாம்" என்றார் அவர்.

அவள் வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

மலைப்பாதை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் குட்டையான கல் தடுப்புக்கு அப்பால் பள்ளம். உச்சியை நெருங்கியபோது முதல் வண்டி நின்றது. பாறை சரிந்து பாதை மூடிவிட்டதாம். சாலைப் பணியாளர் ஒருவர் கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னார். திரும்ப இடம் ஏது? அரை கிலோமீட்டர் பின்னால், தேநீர் குடிக்க நிறுத்தின அகலமான இடம் ஒன்றுதான் கதி. அதுவரை ஏழு வீடுகளும் பின்பக்கமாகவே போக வேண்டும். கடைசி வண்டிதான் முதலில்.

வாக்கி டாக்கியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ அழுதார்கள். மனைவி பொத்தானை அழுத்தினாள்.

"யாரும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வண்டியா வருவோம். நான் 'வாங்க'ன்னு சொன்னா அது எங்க வண்டிக்கு மட்டும். மத்தவங்க பிரேக்குல கால வெச்சுக்கிட்டு இருங்க."

பிறகு அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் ரிவர்ஸ் கியரையே போடவில்லை. ஊரில் காரைப் பின்னால் எடுப்பதற்கே காவலாளியைக் கூப்பிடும் ஆள் அவர். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னால முடியாது" என்றார் தாழ்ந்த குரலில்.

"நான் பின்னால நிக்கறேன். கண்ணாடியில என் முகம் தெரியற வரைக்கும் வாங்க. தெரியலைன்னா நின்னுடுங்க. வேற எதையும் பார்க்க வேண்டாம்."

ஜன்னலை இறக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பக்கக் கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர் தெரிந்தது, பிறகு முகம். "வாங்க. இன்னும் வாங்க. கொஞ்சம் இடது. போதும், வாங்க." அவர் பள்ளத்தைப் பார்க்கவில்லை. பாறையையும் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருடங்களில் அவ்வளவு நேரம் அவள் முகத்தைத் தொடர்ந்து பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. நெற்றியோரம் நரைத்திருந்தது. குளிரில் மூக்கு சிவந்திருந்தது. வளைவில் ஒருமுறை முகம் மறைந்தது. அப்படியே நின்றார். மறுபடி தெரிந்தது. நகர்ந்தார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு அவரே இறங்கி மேலே நடந்துபோய், ஆறாவது வண்டிக்குப் பின்னால் நின்றார். "என் முகத்தை மட்டும் பாருங்க" என்றார் டாக்டரிடம். டாக்டர் இந்த முறை அக்காவைக் கேட்கவில்லை.

கடைசியாக ஜவுளிக்கடைக்காரரின் வண்டியும் வந்து சேர்ந்தது. அவர் இறங்கி வந்து கும்பிட்டார். "அக்கா, உங்களாலதான் உயிர் பிழைச்சோம்." பிறகு செயலாளரின் பக்கம் தலையசைத்து, "உங்க டிரைவரும் பரவாயில்லை, நல்லாத்தான் ஓட்டறாரு" என்றார்.

அவருடைய மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். செயலாளரின் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வண்டியின் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செயலாளர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சம்பளம்தான் சரியா தர்றதில்லை" என்றார்.

மீதிப் பயணம் சுற்றுவழியில் நடந்தது. வழிகாட்டிப் பெண் தையல் போட்ட வயிற்றோடு பதினோராம் நாள் வந்து சேர்ந்தாள். செய்வதற்கு அவளுக்கு ஒரு வேலையும் மிச்சமிருக்கவில்லை. மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, நர்ஸ் சகோதரிகள் அவளைக் கவனித்துக்கொண்டார்கள். செயலாளர் யாரும் கேட்காமலே தினமும் காலையில் கழிவறைப் பெட்டியை உருவிக் கொட்டப் போனார். முதலில் தங்கள் வண்டியின் பெட்டியை மட்டும் எடுத்துப் போனவர், பிறகு வழியில் இருந்ததால் சகோதரிகளுடையதையும் எடுத்துக்கொண்டார்.

வண்டிகளை ஒப்படைத்துவிட்டு விமான நிலையத்துக்கு வந்தார்கள். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மனைவி நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே அவர் தோளில் தூங்கிப்போனாள். பத்து நிமிடத்தில் டாக்டரின் மனைவி வந்து நின்றார். "அக்கா தூங்கறாங்களா? எங்க பெட்டி ஒண்ணு..."

செயலாளர் உதட்டில் விரல் வைத்தார். தோள் அசையாமல், மறுகையால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எழுந்திருக்க இன்னும் நேரமாகும். என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லுங்க. அவங்க முழிச்சதும் நான் சொல்றேன்" என்று கிசுகிசுத்தார். "பெட்டி என்ன நிறம்?"

டாக்டரின் மனைவிக்குப் பின்னால் ஜவுளிக்கடைக்காரரும் வந்து, தன் முறைக்காகச் சத்தமில்லாமல் நின்றார்.