பாதி அமெச்சூர்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடல்மேல் ஆணை.

ஆக்ரனெஸ் என்ற மீன்பிடி ஊரின் தேவாலயத்தில், பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவின் டையை ஸோல்ரூன் மூன்றாவது முறையாக அவிழ்த்தாள். செத்தவருக்கு முடிச்சுப் போடுவது லேசில்லை; கழுத்து ஒத்துழைக்காது.

ஐந்து மணிக்குள் இரங்கல் குறிப்பைப் பத்திரிகைக்கு ஃபேக்ஸ் செய்தாக வேண்டும். இறந்தவரைப் பற்றி வீட்டார்தான் எழுதுவார்கள். ஊரே வரிவரியாகப் படிக்கும். எல்லாம் எழுதியாயிற்று, ஒரு வரியைத் தவிர. ரோம் ஒலிம்பிக்கிற்கான கால்பந்துத் தகுதி ஆட்டத்தில் நார்வேக்கு எதிராகத் தான் ஆடியதாக அப்பா ஸ்டெய்ன்தோர் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தார். ஸோல்ரூன் நூலகத்தில் பழைய பேப்பரைப் புரட்டினாள். பதினொரு பெயர்கள். அப்பா இல்லை.

“போட்டா ஊர் சிரிக்கும். போடலேன்னா, அப்பா பொய்யர்னு மகளே கையெழுத்துப் போட்ட மாதிரி” என்றாள், அப்பாவோடு ஒரே கிளப்பில் ஆடிய கிழவர் ஓட்டரிடம். “நீங்க சொல்லுங்க ஓட்டர். ஆடினாரா, இல்லையா?”

ஓட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அந்த ஆட்டுத்தொடைதான் கெடுத்துச்சு.”

“எந்தத் தொடை?”

“ஒரு மேட்ச் ஜெயிச்சதுக்குக் கிளப்புல புகைபோட்ட தொடை ஒண்ணு குடுத்தாங்க. ஆடுறதுக்கு எதை வாங்கினாலும் அவன் அமெச்சூர் இல்ல, ஒலிம்பிக்குல சேர்க்க மாட்டாங்களே! சங்கத்துக்காரன் வந்து, ‘எதாவது வாங்கினியா?’ன்னான். உங்கப்பன் மடையன், ‘ஆமா’ன்னுட்டான். ‘திருப்பிக் குடு.’ ‘தின்னாச்சு.’ ‘எலும்பு?’ ‘அது இருக்கு.’”

“குடுத்தாரா?”

“ரசீதோட. தராசுல வெச்சுப் பார்த்தாங்க. தொடையில பாதி எடை எலும்புதான். அதனால இவன் பாதி அமெச்சூர். பாதி ஆட்டம் ஆடலாம், பேரு மட்டும் பேப்பர்ல வராது.”

“அந்த எலும்பு எங்க இப்ப?”

“சாட்சிப்பொருள்னு அலமாரியில பூட்டினாங்க. சங்கச் செயலாளரோட நாய்க்கு யாரும் அதைச் சொல்லல.”

ஓட்டரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எந்தப் பாதி ஆடினார்?”

“ரெண்டாவது. எதிர்க்காத்து. உள்ள போக இருந்த பந்தைக் குண்டியால நிறுத்தினான். ஒரு வாரம் நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டான்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“கோலுக்குப் பின்னாடியே நின்னேன்.”

“சத்தியமா?”

ஓட்டர் நண்பரின் குளிர்ந்த கைமேல் கையை வைத்தார்.

“இவன்மேல சத்தியம், பொண்ணே.”

ஸோல்ரூன் காகிதத்தைச் சுவரில் வைத்து அழுத்தி எழுதினாள்: ‘நாட்டுக்காக ஆடினார், பாதி நேரம்.’ அவள் திரும்பியபோது ஓட்டர் டையைக் கட்டி முடித்து, சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் நடந்த அன்று ஸ்டெய்ன்தோரும் ஓட்டரும் வடக்குக் கடலில், ஒரே படகில், ஹெர்ரிங் மீன் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.