அபராத மரங்கள்

உள்ளே கிடத்தியிருந்தவர் நகராட்சிக்குக் கட்ட வேண்டியது இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. அந்தக் கணக்கை முடிக்க வந்த மரப் பிரிவு அலுவலர், வாசலில் நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்ததும் கையிலிருந்த அளவு நாடாவைப் பைக்குள் திணித்தார். செருப்பைக் கழற்றுவதா, திரும்பிப் போவதா என்று தெரியாமல் நின்றார்.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவிதான் அவரை முதலில் பார்த்தாள்.

"இன்னைக்கு அளக்க வர்றேன்னு சொல்லியிருந்தாரு அண்ணே," என்றாள், பக்கத்திலிருந்த தன் அண்ணனிடம்.

"வந்த நேரத்தைப் பாரு," என்றார் அண்ணன்.

செத்தவருக்குத் தெருவில் உச்சாணி என்று பெயர். எந்த மரமானாலும் உச்சாணிக் கொம்பு வரை ஏறி, மேலிருந்து ஒவ்வொரு கிளையாகக் கழித்துக்கொண்டு இறங்குவார். கீழே கயிறு பிடிப்பது அவள். வெட்டிய கிளை யார் கூரையிலும் விழாமல் இறங்கியது அவள் கையால். யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் உச்சாணி முதலில் கேட்பது, "அனுமதிச் சீட்டு எங்கே?" என்பதுதான். என் இடத்து மரம்தானே என்று இழுப்பவர்களிடம், "இடம் உங்களது. ஜெயிலுக்குப் போறது நான்தானே?" என்பார்.

அப்படிப்பட்டவர் மூன்று வருடத்துக்கு முன் மாட்டியது சொந்த வாசலில். சுவரைப் பிளந்துகொண்டிருந்த கிழட்டு மரம். மாநிலச் சட்டத்தில் அந்த ஜாதி மரத்துக்கு அனுமதி வேண்டியதில்லை. அது தெரிந்துதான் வெட்டினார். ஆனால் அந்த வருடம் நகராட்சி தனியாக ஒரு விதி போட்டிருந்தது. அடிமரம் ஒருவர் கட்டிப்பிடிக்கும் பருமனைத் தாண்டினால், எந்த ஜாதியானாலும் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அது அவர் காதுக்கு வரவில்லை. அபராதம் வந்தது. கட்டலாம், இல்லையென்றால் ஐந்து கன்று வைத்து மூன்று வருடம் காப்பாற்றிக் காட்டலாம்.

"கடனோ உடனோ வாங்கிக் கட்டிடுங்க மாப்பிள்ளை," என்றார் அண்ணன் அப்போதே.

"பணமாக் கட்டினா திருடன் கட்டின மாதிரி இருக்கும் மச்சான். வளர்த்தே கழிக்கிறேன்."

ஆட்டுக்கு ஓநாய் காவல் என்று தெரு சிரித்தது. வீட்டில் இடம் இரண்டு கன்றுக்குத்தான் இருந்தது. மீதி மூன்றுக்கு வீடு வீடாகப் போய் நின்றார். "நாளைக்கு வேர் என் சுவத்தை உடைச்சா?" என்று கேட்ட தையல் டீச்சரிடம், "நானே வந்து வெட்டித் தர்றேன். சீட்டோட," என்றார். டீச்சர் சிரித்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

நேற்று மாலை ஐந்தாவது மரத்துக்குத் தண்ணீர் விட்டு வந்தவர், குடத்தை இறக்கி வைத்தார். நெஞ்சை அடைக்கிறது என்றார். அவ்வளவுதான்.

அலுவலர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீங்க எழுந்திருக்க வேணாம். அபராதம் கட்ட வேண்டியவர் இறந்துட்டா தள்ளுபடி பண்ண விதியில இடமிருக்கு. 'இறந்துவிட்டார், தள்ளுபடி'ன்னு எழுதி முடிச்சிடறேன்."

"நல்லா இருப்பீங்க தம்பி," என்று கையெடுத்தார் அண்ணன்.

"அப்போ அளக்க மாட்டீங்களா?" என்றாள் அவள்.

"தேவையில்லம்மா. அளந்துட்டா அளந்ததைத்தான் எழுதணும். ஒண்ணு குறைஞ்சாலும் முழு அபராதமும் வீட்டு வரியோட சேர்ந்து உங்க தலையில விழும்."

"காதுல விழுந்துச்சா?" என்றார் அண்ணன். "தானா போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்காத."

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"செத்ததால விட்டாங்கன்னு எழுதினா, மனுஷன் தூக்கின தண்ணிக்கு என்ன பேரு அண்ணே? நாடாவை எடுங்க சார்."

"புருஷனைக் கிடத்திட்டு மரம் அளக்கப் போறாளே," என்றாள் மூலையில் ஒருத்தி, கேட்கும்படியாகவே.

வீட்டு மரங்கள் இரண்டும் சுவரைத் தாண்டியிருந்தன. டீச்சர் வீட்டு மரம் தெருவுக்கே கிளை நீட்டியிருந்தது. நாலாவது, மாவு மில்லுக்கு முன்னால். மில்காரர் இலைமேல் படிந்த மாவைத் துண்டால் தட்டிவிட்டு ஒதுங்கினார். நாடாவின் கீழ் முனையை அவளே பிடித்தாள்.

ஐந்தாவது இஸ்திரிக்காரர் கடையோரம். போன வருடம் வேன் மோதி ஒடிந்தது. உச்சாணி பிளவைத் துணியால் சுற்றி, கம்பு நட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"உயரம் சரி," என்றார் அலுவலர். பிறகு கம்பைத் தொட்டார். "ஆனா தானா நிக்கணும்னு இருக்கு."

"ஒரு முழம் கயிறு சார், அதுல என்ன வந்துச்சு?" என்றார் இஸ்திரிக்காரர்.

"தலை சுத்துதுன்னு உக்காந்துடு," என்று அண்ணன் அவள் காதில் சொன்னார். "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல."

அவள் முடிச்சைப் பார்த்தாள். கிளை இறக்கப் போடுகிற அதே முடிச்சு. எவ்வளவு கனத்துக்கும் நழுவாது. நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அவர் போட்டதையெல்லாம் அவிழ்த்தவள் அவள்தான். இது நேற்று இறுக்கியது. கை போனது, நின்றது.

இஸ்திரிக்காரர் கத்தியை நீட்டினார்.

"வேணாம்ணே," என்று நுனியைப் பிடித்து இழுத்தாள்.

கயிறு விழுந்தது. மரம் சாய்ந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சாண் சாய்ந்த மரம் அங்கேயே நின்றது. காற்று வந்து இலைகளை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போனது. மரம் நின்றது.

"கொஞ்சம் கோணல்," என்றார் அலுவலர்.

"கோணல் கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்லம்மா."

கடை மேசைமேல் வைத்து எழுதினார்.

"படிங்க சார்."

"'ஐந்து மரங்களும் உயிருடன் உள்ளன. நிபந்தனை நிறைவேற்றப்பட்டது. அபராதம் ரத்து.'"

"செத்ததை எழுதலையே?"

"எழுதலம்மா."

அவள் திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். மூலையில் பேசியவள் நகர்ந்து இடம் விட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் தூக்கினார்கள். டீச்சர் வீட்டருகே கிளை குறுக்கே நின்றது. முன்னால் போனவன் ஒருவன் ஒடிக்கக் கையை உயர்த்தினான்.

"ஏய், கையை எடு!" என்று கத்தினார் அண்ணன். "அபராதம் போடுவான். தோள்லருந்து இறக்கிக் குனிஞ்சு போங்கப்பா."

நாலு பேரும் இடுப்பளவுக்கு இறக்கிக் குனிந்தார்கள். வாசலில் நின்று அவள் பார்த்தாள். கிளை அவர் மேல் உரசி, இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தது.