பின்னறைக் கதவில் வந்த எழுத்து

மூடிக்கிடந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தை வாங்கி, பார்ப்பவர்கள் மூக்கின்மேல் விரல் வைக்கும்படி ஓர் உணவகமாக்கிவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் இறங்கியிருந்தார்கள். கொத்தனார்களோடு மல்லுக்கட்டுவது அவன் பாடு; சமையலும் அலங்காரமும் அவள் பொறுப்பு. ஜன்னலே இல்லாத பின்னறை குளுகுளுவென்று இருந்ததால், அங்கே உட்கார்ந்துதான் நாற்காலித் துணியும் விளக்கும் தேர்ந்தெடுப்பாள்.

அன்றும் அங்கேதான் இருந்தாள். வெளியே பெயின்டர் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பழைய எழுத்து ஏதோ வருதும்மா, வந்து பாருங்க."

எழுந்து போய்ப் பார்த்தாள். பச்சைப் பூச்சுக்கு அடியிலிருந்து சிவப்பு எழுத்துகள்: 'எக்ஸ்ரே அறை. கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது.'

அவளுக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. நாள் தள்ளிப்போனதை இன்னும் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை சொல்லி, ஊரெல்லாம் இனிப்பு தின்ற பிறகு கரு கலைந்துபோனது. இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்றிருந்தாள்.

தெருவுக்கு ஓடினாள். மணல் குவியலோரம் நின்று, நர்ஸாக இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, எக்ஸ்ரே ரூம்ல உட்கார்ந்தா குழந்தைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"யாரு குழந்தைக்குடி?"

பதிலுக்கு விசும்பல்தான் வந்தது. அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"அங்க மெஷின் இருக்கா?"

"இல்ல. எப்பவோ கழட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம் என்ன? விளக்கைத் தூக்கிட்டுப் போன ரூம்ல வெளிச்சமா மிச்சமிருக்கும்? அழாதே. கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வா, பார்த்துடலாம்."

சொன்னது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. திரும்பினால் கணவன் நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அவன் முகம் வெளுத்திருந்தது.

"வெயிலா இருக்குன்னு நான்தானே உன்னை அங்க உட்காரச் சொன்னேன்..."

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி காத்திருந்தாள். டாக்டர் கருவியை வயிற்றின்மேல் நகர்த்த நகர்த்த, அவள் அண்ணியின் கையை நெரித்தாள். கடைசியில் கேட்டது, குதிரை ஓடுவதுபோல ஒரு துடிப்பு. "நல்லா இருக்கும்மா. அந்த ரூமால ஒரு கெடுதலும் இல்ல" என்றார் டாக்டர். கணவன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

மறுநாளே கதவை மாற்றினார்கள். அவளுக்குப் புத்தி தெளிந்துவிட்டது, கால்தான் தெளியவில்லை. அந்த அறையில் மேசை போட்டதும், விளக்கு மாட்டியதும், திறப்பு நாளில் முதல் விருந்தாளிகளை உட்காரவைத்ததும் அவன்தான். அவளோ தட்டுகளை அந்த அறை வாசல்வரை கொண்டுவந்து பரிமாறுகிறவர் கையில் கொடுத்துவிட்டு, நிறைமாத வயிற்றோடு அடுக்களைக்குத் திரும்பிவிடுவாள்.