ஓடாமலே துவைத்த மிஷின்

கந்தசாமிக்கு இரண்டு நாளாக ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வாசலுக்குப் போகத் தோன்றியது. வாசலுக்குப் போனால், கூடத்து மூலையில் நிற்கும் வாஷிங் மிஷினை யாராவது தொட்டுவிடப் போகிறார்களே என்று உள்ளே ஓடிவரத் தோன்றியது. நைனார்பாளையத்துப் பால் சொசைட்டிக்கு ஒரு தடவை தலைவராக இருந்தவர். பதவி போய்ப் பல வருஷமாகியும் நடையிலிருந்து அது போகவில்லை. அப்படிப்பட்டவரை ஒரு தகரப் பெட்டி இந்தப் பாடு படுத்தியது.

மகள் அம்சவள்ளி வயதுக்கு வந்தபோது, மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் ராமசாமி களமருதூரிலிருந்து கொண்டுவந்த சீர் அது. பழத்தட்டும் புடவைத்தட்டும் பெண்கள் கையில் முன்னே வர, பம்பை முழங்க, வெடி வெடிக்க, கடைசியில் நான்கு ஆண்கள் முக்கி முனகி மிஷினைத் தூக்கி வந்தார்கள். அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் மிஷின். "இனிமே எங்க வூட்ல துணி கல்லுல படாது" என்று கந்தசாமி பந்தலில் நின்று அறிவித்தார்.

துணி கல்லில்தான் பட்டது. அப்போது வீட்டில் குழாய் இல்லை. கரண்டோ, பல்பு எரிகிறதா என்று கிட்டப்போய் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற அளவுக்குத்தான் வந்தது. அதைவிட முக்கியமாக, ஓட்டினால் மிஷின் கெட்டுப்போகும் என்று கந்தசாமி நினைத்தார். பிளக்கைக்கூடச் செருகவில்லை. அவருடைய வேட்டிகளையெல்லாம் வயல்வேலைக்கு வரும் காசியம்மாள் பம்புசெட் கல்லில் அடித்து வெளுத்தாள். அவரோ போகிற கல்யாணத்தில் எல்லாம் அந்த வேட்டியைத் தட்டிக் காட்டி, "மிஷின் தொவையல்" என்றார். ராமசாமியும் பார்க்கும்போதெல்லாம் "மிஷினு எப்படி மாமா?" என்று கேட்பார். "பிரமாதம் மச்சான்" என்பார் இவர். பன்னிரண்டு வருஷம் இப்படியே துவைத்தார்கள்.

இப்போது அம்சவள்ளிக்குக் கல்யாணம் கூடியிருந்தது. சம்பந்தி கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். முதல்முறை வீடு பார்க்க வந்தபோதே பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைப் பார்த்தார். எந்த சுவிட்சைக் கண்டாலும் போட்டு அணைக்காமல் நகரமாட்டார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு மறுபடி வருகிறார். பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்த மிஷினை அவர் தட்டிவிட்டு, அது நிலைக்கல் மாதிரி நின்றால்? அதை எப்படியாவது ஒழித்துவிட வேண்டும்.

அதனால்தான் முந்தாநாள் பழைய இரும்பு வாங்கும் பாவாடை என்பவனைப் புழக்கடை வழியாக வரச்சொன்னார். பாவாடை செம்புக்கம்பி தேறுமா என்று பார்க்கப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். கழற்றியவன் தலையை உள்ளே விட்டான், வெளியே எடுத்தான், மறுபடி விட்டான்.

"தலைவரே, மோட்டாரு எங்க?"

"உள்ள இருக்கும், நல்லாப் பாரு."

"உள்ளதான் பாத்துக்கினு கீறேன். ரெண்டு கருங்கல்லுதான் கீது."

"யாராச்சும் திருடிக்கினு போயிட்டானா?"

"திருடன் கல்ல சாக்குல சுத்தி, கயிறு கட்டி, பதமா வெச்சிட்டா போவான்? இது கடையில பார்வைக்கு வெக்கிற வெறும் பெட்டி, தலைவரே. கனத்துக்கு கல்லு போட்டுக் கீறாங்க."

கல்லைத் தென்னைமரத்தடியில் உருட்டிவிட்டு, தகரத்தை அங்கேயே உடைத்து மூட்டை கட்டுகிறேன் என்றான் பாவாடை. உடைக்கிற சத்தத்துக்குத் தெருவே கூடிவிடும் என்று பயந்து, பழைய பம்புசெட் வால்வு ஒன்றை அவன் கையில் திணித்து, வாயை மூடிக்கொண்டிரு என்று அனுப்பிவைத்தார் கந்தசாமி. கல் இல்லாத மிஷின் மறுபடி கூடத்துக்கு வந்தது.

அதிலிருந்துதான் இந்த நடை. மச்சான் ஏமாந்தானா, ஏமாற்றினானா? கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால், "அப்ப இத்தினி வருசமா எதுல தொவச்சீங்க மாமா?" என்று அவன் திருப்பிக் கேட்பான். கோபித்துக்கொண்டு போய்விட்டால் இன்னும் மோசம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்காரவைப்பது? தம்பி வராத கல்யாணத்தில் மனைவி தங்கமணிதான் தலைநிமிர்ந்து நிற்பாளா?

"உக்காருங்களேன், எத்தினி வாட்டிதான் நடப்பீங்க? தரை தேஞ்சிடப் போவுது" என்றாள் தங்கமணி.

"உன் தம்பி இன்னிக்கி வர்றானா இல்லியா?"

வந்தார். எப்போதும் மோட்டார் சைக்கிளில் வருகிற ராமசாமி இன்று குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கியது கந்தசாமிக்கு உறுத்தியது. அக்காள் கொடுத்த காபியை வாங்கியவர் மூலையைப் பார்த்தபடி கேட்டார்:

"மிஷினு எப்படி மாமா?"

பழகிப்போன பிரமாதத்துக்குப் பதிலாக இன்றைக்குப் பார்த்து வேறு வார்த்தை வந்தது. "மோட்டாரு..." என்றார் கந்தசாமி. ராமசாமியின் டம்ளர் உதட்டுக்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"மோட்டாருக்கு இன்னா மாமா?"

"அந்த மாதிரி மோட்டார நான் எங்கியும் பாத்ததில்ல மச்சான்."

அப்போதுதான் ஒரு வாய் குடித்த ராமசாமிக்குப் புரையேறியது. தலையில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டு, "நல்ல கம்பெனி மாமா" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "நான் இன்னா நெனச்சேன்னா, சம்பந்தி எலக்ட்ரிக் கடைக்காரரு. பழைய மாடல் அவரு கண்ணுல பட்டா நமக்குத்தான கௌரவக் கொறச்சல்? வெள்ளிமலைக்கு மேல வேடியப்பன்னு நம்ம ஆளு ஒருத்தரு, கடுக்கா ஏவாரம். அவருக்குக் குடுத்துடலாம். புண்ணியமாப் போவும்."

"அங்க கரண்டு எப்படி?"

"ரொம்ப கம்மி மாமா."

இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது.

"ஓடுற மிஷின எதுக்குடா மலைக்கு அனுப்பணும்?" என்று தங்கமணி கேட்டாள். கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெளியே காசியம்மாளும் மற்ற நூறுநாள் வேலைக்காரப் பெண்களும் தெருவாய்க்காலில் மண் வாரிக்கொண்டிருந்தார்கள். மிஷின் வாசலுக்கு வந்ததும் மண்வெட்டிகள் நின்றன. அன்றைக்கு நான்கு பேர் முக்கித் தூக்கிய பொருளை இன்றைக்கு இரண்டு பேர் லேசாகத் தூக்கினால் ஊர் என்ன நினைக்கும்? கந்தசாமி ஒரு பக்கம் பிடித்து, "ஐயோ, மெதுவா மச்சான், இடுப்பு போயிடும்!" என்று கூவினார்.

மறுபக்கம் பிடித்த ராமசாமிக்கு உண்மையாகவே தூக்கிவாரிப்போட்டது. கல்லை உள்ளே வைத்துக் கட்டியவருக்கு அதன் கனம் தெரியாதா? மிஷினுக்கு மேலாக மாமாவைப் பார்த்தார். மாமாவும் அவரைப் பார்த்தார்.

"மாமா," என்றார் பல்லைக் கடித்தபடி, "கொஞ்சம் கம்மியான மாதிரி இல்ல?"

"தொவச்சு தொவச்சுத் தேஞ்சிருக்கும் மச்சான். நீ முனகு."

ராமசாமி முனகினார். இரண்டு இடத்தில் இறக்கிவைத்து, துண்டால் வியர்வை துடைத்துக்கொண்டார்கள். வண்டி இன்னும் பத்தடி தூரத்தில் நின்றது.

காசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நவுருங்க சாமி, இதுக்கு எம்மாம் நேரம்" என்று வாய்க்காலிலிருந்து ஏறி வந்தாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்தாள். கந்தசாமி, "வேணாம், கனம்!" என்று பதறுவதற்குள் அடியில் கைகொடுத்து, மூட்டை தூக்குகிற வேகத்தில் ஒரு எம்பு எம்பினாள். மிஷின் தலையைத் தாண்டி அந்தப் பக்கமே போய்விடப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, ஒற்றைக் கையால் தாங்கியபடி நடந்து போய் வண்டியில் வைத்தாள்.

"இன்னா தலைவரே, உள்ள ஒண்ணுமே இல்ல போலக்கீது!"

 பூமாலை என்கிற கிழவிதான் கேட்டாள்: "அப்ப அன்னிக்கி நாலு தடியனுங்க இன்னாத்துக்குடி அப்படி மொனகுனானுங்க?"

"கூலிக்குத்தான்" என்றாள் காசியம்மாள். வாய்க்காலோரம் மொத்தமும் சிரித்தது.

ராமசாமி யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது.  கந்தசாமி வேட்டி தடுக்க ஓடிப்போய் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வெள்ளிக்கிழமை வந்துடுவ இல்ல? நீ இல்லாம அம்சவள்ளிய யாரு மணையில உக்கார வெப்பாங்க?"

ராமசாமி கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த வருசம் மல்லாட்டை வெள்ளாமை பூரா போச்சு மாமா. வெறுங்கையோட வர முடியுமா?"

"எனக்கும் அத ஓட்டத் தெரியாது மச்சான்" என்றார் கந்தசாமி. பன்னிரண்டு வருஷத்தில் அந்த மிஷினைப் பற்றி அவர் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

"வர்றேன். கல்யாணத்துக்கு கிரைண்டரு வெக்கிறேன்."

"சம்பந்தி கடையிலியே வாங்கிடு. அவரு ஓட்டிக் காட்டாம குடுக்கமாட்டாரு."

"அங்க வெல ஜாஸ்தியாச்சே மாமா" என்றார் ராமசாமி. ஆனால் சிரித்துவிட்டார். வண்டி மலை ரோட்டைப் பார்த்துத் திரும்பியது.

கந்தசாமி குனிந்த தலையோடு வாய்க்காலைக் கடந்து வீட்டுக்குள் வந்தார். மூலை காலியாக, சுவரில் ஒரு சதுரம் மட்டும் பழைய சுண்ணாம்போடு நின்றது. கிரைண்டர் சமையற்கட்டுக்குத்தான் போகவேண்டும். அதுதான் நியாயம். ஆனால் அங்கே வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படாதே? உட்காரப் போனவர் எழுந்து, மூலையைச் சாணால் அளக்க ஆரம்பித்தார்.