உட்கார்ந்து செய்யிற வேலை

பட்டறைக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று முதலில் சொன்னவர் பெயிண்டர். சக்கர நாற்காலிகளுக்குக் கறுப்புச் சாயம் அடித்தடித்து அவருடைய மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த மூக்குக்கே எட்டிவிட்டது.

“பஞ்சு மூட்டைக்கு அடியிலதான் இருக்கணும். சாதாரண எலி இல்ல. பொண்டாட்டி புள்ளையோட செத்திருக்கும்.”

வேலை நின்றது. ஒற்றைக்கால்காரர்கள் ஊன்றுகோலால் ரெக்சின் சுருள்களைப் புரட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் குனிந்து மேசைகளுக்கு அடியில் பார்த்தார்கள். இருக்கை தைக்கிற கொத்தனாரும் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் இரும்புக் குழாய்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மூக்கைச் சுளித்து, “இங்க இல்லப்பா, அந்தப் பக்கம் பாருங்க” என்றார். அவர் போன பக்கமெல்லாம் நாற்றமும் கூடவே போனது.

பெரியக்கா மட்டும் தேடவில்லை. காலில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்தே இந்தப் பட்டறையைக் கட்டி மேய்க்கிறவள் அவள். கதவோரம் நின்று கொத்தனாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாரத்திலிருந்து விழுவதற்கு முன் அவர் நிஜமாகவே கொத்தனார். விழுந்த பிறகு இடுப்புக்குக் கீழே உடம்பு அவர் சொல் கேட்கவில்லை. கிள்ளினாலும் உறைக்காது, சுட்டாலும் உறைக்காது. வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடந்தவரை இந்தப் பட்டறைதான் மறுபடி ஆளாக்கியது. இங்கே நாற்காலி செய்கிறவர்கள் எல்லோருமே காலையோ கையையோ எங்கேயோ பறிகொடுத்தவர்கள்தான். செங்கல் பிடித்த கையோடு கொத்தனார் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். காலுக்குப் பதில் முழங்கையால் அழுத்தினால் ஓடும் மிஷின் அது. “உனக்கென்னப்பா, உக்காந்து செய்யிற வேலை. ராஜா மாதிரி” என்று மச்சான்காரன் சொன்னான்.

உட்காருவதில்தான் ஆபத்து என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நாற்காலிக்கு மெத்தை வாங்க வருகிறவர்களிடம் தினமும் அவர் பாடுகிற பாட்டு அதுதான். “அரைமணிக்கு ஒருதரம் ரெண்டு கையையும் ஊன்றி உடம்பத் தூக்குங்க. ரத்தம் ஓடலேன்னா சதை அழுகிடும். உங்களுக்கு வலிக்காது. வினையே அதுதான்.”

ஒரு மருத்துவமனை மொத்தமாக நாற்காலி கேட்டிருந்தது. கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் வெளிநாட்டுச் சரக்கை இறக்கிக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தது. கையை ஊன்றி எழும்பினால் தையல் நிற்கும். கொத்தனார் எழும்பவில்லை. அப்படி ஒரு நாள், மடியில் வைத்திருந்த ரிவிட் ஆணி ஒன்று நழுவி மெத்தைக்கும் தொடைக்கும் நடுவே போய்விட்டது. பொழுது சாயும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் உடம்பு துடைத்துவிடும்போது மனைவிதான் அதைச் சதையிலிருந்து பிடுங்கினாள்.

“யோவ், என்னய்யா இது? இரும்ப முட்டைன்னு நினைச்சு அடைகாத்தியா?”

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். சட்டைப் பொத்தான் அளவு இருந்த புண், அவள் விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழிந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எலி கிடைக்கவில்லை. அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். பெயிண்டர் பசை டின்னைத் திறந்து கொண்டுவந்து கொத்தனாரின் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். “இந்த வாடை இருந்தா அந்த வாடை அடங்கும்” என்றார், முகத்தைப் பார்க்காமல். கொத்தனாருக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. இவர்களில் பாதிப்பேர் இதே நாற்றத்தோடு ஒரு காலத்தில் படுத்துக் கிடந்தவர்கள். தேடுகிற மாதிரி நடித்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு பெரியக்கா வந்தாள்.

“எத்தனை நாளா கொத்தனாரே?”

“என்னதுக்கா?”

“என்கிட்டயேவா? எலும்பு தெரியுதா, அத மட்டும் சொல்லு.”

அவர் நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

“வீட்டுக்குப் போ. குப்புறப் படு. நாலு மாசமோ ஆறு மாசமோ, ஆறுற வரைக்கும் உக்காரவே கூடாது.”

“என் மிஷினு?”

“மிஷின் காத்துக்கிட்டு இருக்காது. வேற ஆளத்தான் போடணும். அவனுக்கும் கால் இருக்காது, குடும்பம் இருக்கும். நீ வந்ததும் அவன எழுப்பிவிட என்னால ஆகாது.”

“படுத்துட்டா நான் ஆளே இல்லக்கா.”

“உக்காந்தா பொணம்.”

மறுநாள் மனைவி பட்டறைக்குப் போனாள். பெரிய கட்டடம் ஒன்றில் தரை துடைக்கிறவள் அவள். அவர் படுத்தால் புரட்டவும் கழுவவும் அவளும் வீட்டில் இருக்க வேண்டும். அப்புறம் அடுப்பு எப்படி எரியும்?

“அவரு இடத்துல நான் தைக்கிறேன்க்கா. துணிய வீட்டுக்குக் குடுத்தீங்கன்னா பக்கத்துல இருந்தே தைச்சிடுவேன்.”

“உனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கேம்மா. காலில்லாதவங்களுக்குன்னு வெச்ச இடம் இது. உன்னைச் சேர்த்தா ஊரே வந்து நிக்கும்.”

“அப்ப நானும் எங்கயாவது விழுந்துட்டு வரட்டுமா?”

பெரியக்கா குனிந்தாள். காலில் கட்டியிருந்த பட்டையின் வாரை அவிழ்த்து மறுபடி இறுக்கினாள்.

உட்காரவே கூடாது என்று மனைவி போட்ட சத்தத்தில் கொத்தனார் குப்புறப் படுத்தார். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், அதில் போய்வரும் மனைவியின் வெடித்த குதிகால்களும்தான். சில நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. இனியும் வராவிட்டால் வேறு ஆள் என்று மேற்பார்வைக்காரன் சொல்லியனுப்பினான். தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து புண்ணின் கட்டைப் பிரித்தாள். புண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. அவள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள் என்று கேட்டார்.

மறுநாள் காலையில் அவள் குழி நிறையத் துணி அடைத்து இறுக்கிக் கட்டினாள். சட்டை மாட்டிவிட்டாள். அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள்.

“என்னடி பண்ற? உக்காரக் கூடாதுன்னு நீதானே கத்தின?”

“அங்க இருந்தா நாலு மனுஷங்க பாப்பாங்க. இங்க எறும்புதான் பாக்குது.”

பட்டறை வாசலில் பெரியக்கா நின்றிருந்தாள். புதிதாக வந்தவன் தையல் பிடிபடாமல் ஓடிப்போயிருந்தான். அவளுக்குப் பின்னால் இருக்கை இல்லாத நாற்காலிகள் வெறும் குழாயும் சக்கரமுமாக வரிசை கட்டி நின்றன.

“ஆறிடுச்சா?” என்றாள்.

“ஆறிடுச்சுக்கா” என்றாள் மனைவி.

பெரியக்கா அவரைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் ஆறுகிற புண்ணா அது? அவர் கண் இரண்டும் ஜுரத்தில் பழுத்திருந்தன.

“ஆமாக்கா” என்றார் கொத்தனார். “நல்லா ஆறிடுச்சு.”

பெரியக்கா அந்த நாற்காலி வரிசையை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டு வழியை விட்டு நகர்ந்தாள். கொத்தனார் சக்கரத்தைத் தள்ளி உள்ளே போனார். மனைவி நின்று பார்க்கவில்லை. அவளுக்கும் வேலைக்கு நேரமாகியிருந்தது.