நாக்கைப் பிடிக்கிற தக்காளி

மொட்டைமாடியில் எந்தத் தக்காளி வைப்பது என்பதை வருஷா வருஷம் சுப்பிரமணிதான் முடிவு செய்வார். விதை போடுவது, நாற்றைப் பிடுங்கி நடுவது, தண்ணீர் ஊற்றுவது, இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்ப்பது எல்லாம் அவர் மனைவி குணசுந்தரியின் வேலை. ஆனால் ரகத்தைச் சொல்ல வேண்டியது அவருடைய நாக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவர் தலைமைச் சமையல்காரர். எல்லா ஷிப்டு ஆட்களும் அவர் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மெஷினுக்குப் போகிறார்கள். மார்கழி பிறந்து மழை விட்டதும், மார்க்கெட்டில் கிடைக்கிற ஒவ்வொரு தக்காளியிலும் ஒன்றிரண்டு வாங்கி வருவார். அறுத்து, முகர்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். குணசுந்தரி எதிரில் உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் மழை விட்டு, பழைய பெயிண்ட் பக்கெட்டுகளில் இருந்த மண்ணைக் கொட்டிக் காயவைத்து, எருவும் கலந்து முடித்தாயிற்று. அவர் தக்காளிப் பேச்சையே எடுக்கவில்லை.

"இன்னாங்க, வெதை போடற நாளு தாண்டிப் போவுது. இந்த வாட்டி இன்னா வெக்கலாம்?"

"எதனா வெய்யி சுந்தரி. எதுவா இருந்தா இன்னா, தக்காளிதானே."

சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். குணசுந்தரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோல் தடித்த தக்காளியைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஏறின பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்க் கடைக்காரரோடு சண்டை போட்ட மனுஷன் இவர். தக்காளிதானே என்று சொல்கிறார்.

அவளுக்கு அதற்கு முன்னாலிருந்தே மனசு சரியில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரசத்தில் பெருங்காயம் முன்னால் விழுந்துவிட்டது என்பார். கத்தரிக்காய் ஒரு கொதி கூடுதலாக வெந்துவிட்டது என்பார். சமையல்காரனைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான் என்று அவளும் சிரித்துப் பழகியிருந்தாள். தீபாவளிக்கு முன்னால் அவர் காய்ச்சலில் படுத்து எழுந்தார். அதற்கப்புறம் எல்லாம் மாறிப்போனது. எதைப் போட்டாலும், "நல்லா கீது." உப்புமாவா, நல்லா கீது. மீன்குழம்பா, நல்லா கீது. முதல் வாரம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்வீட்டுக் கங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். போகப் போக அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பிடிக்காத வீட்டில் விருந்து சாப்பிடுகிறவர்கள்தானே அப்படிச் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அவளே மார்க்கெட்டுக்குப் போனாள். கூடை நிறைய உருண்டை உருண்டையாய் வந்திருந்த பெங்களூர்த் தக்காளியில் ஒன்று. காம்புப் பக்கம் பச்சை தேங்கிய நாட்டுத் தக்காளி, பி.கே.எம். என்று நர்சரிக்காரர் சொல்கிற ரகம், அதில் இரண்டு. திரும்பி வரும்போது கங்கம்மா வாசலில் நிறுத்தினாள். அவளுக்குப் பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டைப் பக்கம். பொங்கலுக்குத் துணி எடுக்க வந்த அண்ணன் ஒரு பை தக்காளி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சின்னப் பரங்கிக்காய் மாதிரி வரி வரியாய், கோணல் மாணலாய் இருந்தது ஒவ்வொன்றும்.

"இத எடுத்துக்கினு போக்கா. பாக்கத்தான் அசிங்கமா கீது. கடிச்சா காது வரைக்கும் புளிக்கும்" என்றாள் கங்கம்மா.

அறுக்கும்போது செவ்வாப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் பூமிகா போனில் வந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கத்தி போன போக்கில் அறுத்து, ஒரே தட்டில் பிரித்து வைத்து, அப்படியே கூடத்துக்கு எடுத்து வந்தாள்.

"சாப்ட்டுப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

சுப்பிரமணி தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெங்களூர்த் தக்காளியில் ஒரு துண்டு எடுத்து மென்று விழுங்கினார்.

"இது சூப்பரா கீது சுந்தரி. இதையே வெச்சிடலாம்."

அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் அவளும் அதிலேயே ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். குப்பென்று அடித்தது. வெளியே பளபளவென்று இருந்த பழம், உள்ளே காம்போரமாய் அழுகியிருந்தது. நாலு நாள் மூடி வைத்த பழைய குழம்பு மாதிரி ஒரு வீச்சம். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, அடுத்த துண்டை எடுக்கப் போன அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத சாப்டாதீங்க."

"இன்னாத்துக்கு?"

"அழுகிப் போயிருக்குதுங்க. இவ்ளோ நாத்தம் அடிக்குதே, உங்களுக்குத் தெரியல?"

 அவள் பிடித்திருந்த கையை அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. குணசுந்தரிக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. நல்லா கீது, நல்லா கீது என்று சொன்னதெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து வந்து நெஞ்சில் இடித்தது.

"எப்ப இருந்து?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுல போனதுதான். மொதல்ல சளின்னு நெனச்சேன். சளி போச்சு, மூக்கு வரல. பூவும் ஒண்ணுதான், பொணமும் ஒண்ணுதான். தாளிக்கும்போது சத்தம் கேக்குது, வாசன இல்ல."

"அப்ப கேன்டீன்ல?"

அவர் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. "வெங்கடேசன் கீறான்ல, ரெண்டாவது மாஸ்டர். அவன் கையில கரண்டியக் குடுத்து, 'இன்னா கொற, நீ சொல்லு பாக்கலாம்'னு கேப்பேன். மாஸ்டர் நம்மளுக்குத் தொழில் சொல்லிக் குடுக்குறாருன்னு அவன் நெனச்சிக்கினு கீறான். அவன் சொல்றதத்தான் நான் போடறேன்."

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலும் தண்ணீர் வந்தது. கோபம் வந்தால் அவள் வாயில் 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிடும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? இத்தினி நாளா எதிர்ல உக்காந்து தனியா சாப்ட்டுக்கினு இருந்திருக்கியே! நான் இன்னான்னு நெனச்சேன் தெரியுமா? எம் மேல வெறுத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

"ஐயோ, உன் மேலயா?" என்று அவர் பதறிப்போனார். "வாசன தெரியாதவன் சமையக்காரனே இல்ல சுந்தரி. வெளிய தெரிஞ்சா மானம் போவும். உங்கிட்ட சொல்லிட்டா அது நெசமாயிடும்னு பயந்துட்டேன். அவ்ளோதான்."

மறுநாள் லீவு போட வைத்து, திருவள்ளூரில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும், மெதுவாகத் திரும்பலாம், எப்போது என்று சொல்ல முடியாது, முழுசாக வரும் என்றும் உறுதி சொல்ல முடியாது என்றார். பழகின வாசனைகளைத் தினமும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நாக்குல உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியுதா?"

"அது தெரியுதுங்க. புளிப்பு நல்லாவே தெரியுது."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். குணசுந்தரி தூங்கவில்லை. வாசனை வருகிறபோது வரட்டும். நாக்கு இருக்கிறது. அந்த நாக்குக்கு என்ன பிடிக்குமோ அதை வைப்போம். இத்தனை வருஷம் அவர் சொன்ன ரகத்தை அவள் வளர்த்தாள். இந்த வருஷம் அவருக்காக ரகம் பார்க்க வேண்டியது அவள். பஸ் வெங்கல் ஊரைத் தாண்டுவதற்குள் அவள் மனசில் பாதி மாடி நட்டு முடித்திருந்தாள்.

சாயங்காலம் மாடியில் பாயைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். இந்த முறை ஒவ்வொரு பழத்தையும் முகர்ந்து பார்த்து அறுத்தாள். பெங்களூரும் நாட்டும் புதிதாக வாங்கியிருந்தாள்; பூமிகா சொன்னாள் என்று செர்ரித் தக்காளியும் ஒரு டப்பா.

"நல்லா கீதுன்னு சொன்னா தட்டத் தூக்கிக்கினு போயிடுவேன். நாக்குல இன்னா தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க."

பெங்களூர்த் தக்காளியை மென்றார். "தண்ணி. செவப்புத் தண்ணி. தோலு வாய்லயே நிக்குது."

"தள்ளு. அடுத்தது."

நாட்டுத் தக்காளி. "ம். புளிப்பு கீது. கொழகொழன்னு சாறு வருது. கொழம்புக்கு இதான். வாசன எனக்குத் தெரியலன்னாலும் உனக்கு வோணும்ல?"

செர்ரியை வாயில் போட்டதும் கண்ணை அகல விரித்தார். "ஏய், படார்னு வெடிக்குது! இனிப்பா கீது. இது வெளையாட்டா இருக்குது சுந்தரி, இன்னொண்ணு குடு."

கடைசியாகக் கங்கம்மா கொடுத்த வரித்தக்காளி. கடித்தார். ஒரு பக்கக் கண் தானாக மூடிக்கொண்டது. தோள் இரண்டும் காதைத் தொட்டன. நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"எப்பா! நாக்கப் புடிச்சி இழுக்குது." இன்னொரு துண்டைத் தானாகவே எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நாளாச்சு சுந்தரி, ஒண்ணு சாப்டறேன்னு தெரிஞ்சி."

குணசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காயப்போட்ட மண்ணைக் கையால் கிளறினாள். முடிவு அங்கேயே ஆயிற்று. வரித்தக்காளிக்குப் பாதி பக்கெட்டுகள். மீதியில் பெரும்பகுதி நாட்டுத் தக்காளி. படியோரம், கைக்கு எட்டுகிற இடத்தில் செர்ரி. அன்றைக்கே வரித்தக்காளியின் விதையைச் சாற்றோடு வழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள்.

நாற்று தையில் பக்கெட்டுக்கு மாறியது. பனியோடு ஆலைகளின் கரித்தூளும் இலைமேல் இறங்கியது. தினமும் காலையில் பூவாளியால் தலையோடு கழுவிவிட்டாள். வெள்ளை ஈ வந்து நாட்டுத் தக்காளியில் சில செடிகளுக்கு இலை சுருண்டது. வேப்பெண்ணெய் அடித்தாள், மீளாத செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். ஷிப்டுக்குப் போகும் முன்னால் சுப்பிரமணி மாடிக்கு வருவது வழக்கமானது. லவங்கத்தையும் எலுமிச்சைத் தோலையும் டாக்டரம்மா சொன்னபடி முகர்வார். பிறகு ஒரு தக்காளி இலையைக் கசக்கி மூக்கில் வைப்பார். அவள் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போவார்.

இதற்கு நடுவில் அவர் கேன்டீனிலும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். வெங்கடேசன், "அதுக்கின்னா மாஸ்டர், உங்க கையி, என் நாக்கு. ரெண்டும் சேந்தா பத்தாதா?" என்றானாம். அவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்று சொல்லிச் சொல்லி அன்று அவர் மாய்ந்துபோனார்.

மாசிக் கடைசியில் ஒரு காலை. வரித்தக்காளியில் பூ உதிர்ந்து பட்டாணி பட்டாணியாய்ப் பிஞ்சு பிடித்திருந்தது. குணசுந்தரி குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் அவர் குரல் கேட்டது.

"சுந்தரி, செடிக்கு மண்ணெண்ணெய் எதனா ஊத்துனியா?"

"மண்ணெண்ணெயா? அது எங்க கெடைக்குது இப்ப?"

"இல்ல, இந்த எலையில மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது."

அவள் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தாள். இலையை வாங்கி முகர்ந்தாள். வெறும் தக்காளி இலை. அவரைப் பார்த்தாள். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அடிக்குதா?"

"அடிக்குது! கொமட்டற மாதிரி அடிக்குது சுந்தரி!"

"இன்னொரு வாட்டி மோந்து பாருங்க."

"த்தூ! மண்ணெண்ணெய்தான்!"

அவர் சின்னப் பிள்ளை மாதிரி செடி செடியாகப் போய் முகர்ந்து, ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்து, சுளித்துக்கொண்டே சிரித்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கங்கம்மா, "இன்னாக்கா, அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்று கத்திக் கேட்டாள்.  குணசுந்தரி கையை மட்டும் ஆட்டினாள்.

இப்படித் தப்புத் தப்பாகத்தான் முதலில் வரும், வருவதே நல்ல அறிகுறி என்று டாக்டரம்மா போனில் சொன்னார். அதற்கப்புறம் காபி ரப்பர் எரிந்த மாதிரி இருந்தது. வெங்காயம் வதக்கினால் அவர் வாசலுக்கு ஓடினார். ஒரு விடியலில் மல்லிகை மட்டும் மல்லிகையாகவே வந்துவிட்டுப் போனது, மறுநாள் வரவில்லை.

பங்குனியில் முதல் வரித்தக்காளி பழுத்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் அதைப் பறித்து, மாடிச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்து, இரண்டாக அறுத்து உப்புத் தூவினாள். பெரிய பாதியை அவரிடம் கொடுத்தாள். அவர் கடித்தார். கண் சுருங்கியது. சாறு முழங்கை வரை வழிந்தது.

"இன்னா தெரியுது?"

அவர் அவசரப்படாமல் மென்றார். "புளிப்பு தெரியுது. உப்பு தெரியுது. கடைசியில கொஞ்சூண்டு இனிப்பு வருது. வாசன பக்கம்தான் ஒண்ணும் இல்ல, மண்ணெண்ணெய் கூட இல்ல. மிச்சத்த நீ சொல்லு."

"நானா? எனக்கு இன்னா சொல்லத் தெரியும்?"

"தெரிஞ்சத சொல்லேன்."

குணசுந்தரி தன் பாதியைக் கடித்தாள். இதுவரைக்கும் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அவர் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சையா ஒரு வாசன வருது," என்றாள் மெதுவாக. "வாழ எலையில சுடுசோறு கொட்டுனா அடிக்குமே, அதுல கொஞ்சம். அப்புறம், இருங்க, வெயில்ல காஞ்ச மண்ணுல மொதத் தண்ணி ஊத்தற மாதிரி. காம்புகிட்ட கடிச்சா மொளகாச் செடி மாதிரி லேசா ஒரு காரம்."

"காரமா? தக்காளியிலயா?"

"ஆமாங்க. கீது. நீங்க சாப்டுங்க, நான் சொல்றேன்."

அவர் இன்னொரு வாய் கடித்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.