காணாமல் போன கீழ்க்கை

வில்லைத் திருடுகிறவன் முழு வில்லையும் அல்லவா எடுத்துக்கொண்டு போவான்? ஐலி கங்காஸுக்கு அதுதான் பிடிபடவில்லை. கொட்டகைச் சுவரில் தொங்கிய துணியுறையைத் திறந்தாள். நடுப்பிடி இருந்தது, மேல்கை இருந்தது, நாண்கூடச் சுருட்டி வைத்தபடியே இருந்தது. கீழ்க்கையை மட்டும் காணோம்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கிய வில் அது. மூன்று துண்டாகக் கழற்றலாம். நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் முனை வெளிப்பக்கம் வளைந்த இரண்டு கைகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கீழ்க்கையில் விறைப்பு கொஞ்சம் கூடுதல். மாற்றிப் போட்டால் அம்பு சொன்ன பேச்சு கேட்காது. செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். மான் வேட்டை தொடங்குவதற்கோ அதிக நாளில்லை.

"நாய் ஏதாவது தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றான் அவள் கணவன் ரூடி, காபியிலிருந்து நிமிராமல்.

"நாய் கையை எடுத்துட்டு, உறையை மூடி, பட்டனும் போட்டுட்டுப் போச்சாக்கும்."

"அப்ப எவனாவது விடலைப் பய. நான்தான் கொட்டகையப் பூட்டாம விட்டுட்டேன். விடு, வேற வாங்கிக்கலாம்."

ஐலி விடவில்லை. பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனைதான். ஒற்றைக் கையைத் திருடுகிறவனுக்கு அந்த ஒற்றைக் கைதான் தேவை. அப்படியென்றால் அவனிடம் இதே வில் இருக்கிறது, அதில் கீழ்க்கை உடைந்திருக்கிறது. மிச்சிகனின் வடகோடியில் இருந்த அந்தச் சின்ன ஊரின் வில் சங்கத்தில் அந்த வில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று அவளுடையது. மற்றது லூசியன் பெரோவுடையது.

லூசியன் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பனிவண்டி ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். "உன்னோடது சத்தமே இல்லாம விடுது ஐலி, ஒருநாள் தூக்கிக்கிட்டு ஓடப்போறேன் பாரு," என்று எல்லார் முன்னாலும் அவன் கேலி செய்தது இப்போது வேறு மாதிரி ஒலித்தது. வசந்தத்திலிருந்து அவன் தன் பழைய வில்லைச் சங்கத்துக்குக் கொண்டு வருவதேயில்லை. ஏதோ லேசான வில்லை வைத்துக்கொண்டு நின்றான். ஏன்?

ரூடியிடம் சொன்னாள். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே தடவிய இடத்திலேயே மறுபடியும் தடவினான்.

"லூசியனா? அவன் அப்படிப்பட்ட ஆளில்லையே," என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா யார் மனசுல என்ன இருக்குன்னு நாம கண்டோமா," என்றான்.

அந்த 'ஆனா' அவளுக்குப் போதுமாக இருந்தது.

பழைய வில் உதிரிகள் விற்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். தெற்கே கெரிட் வாண்டர்மோலன் என்று ஒருவர் இருந்தார். கம்பெனி மூடியபோது மிச்சச் சரக்கை அள்ளிப்போய்த் தன் களஞ்சியத்தில் அடுக்கிவைத்தவர். அவள் எந்த ஊர் என்று கேட்டதும் அவர் குரல் மாறியது.

"உங்க ஊர்ல என்னம்மா நடக்குது? கொஞ்ச நாள் முன்ன அங்கேர்ந்து ஒருத்தர் இதே கீழ்க்கையைத்தான் கேட்டார். பேரைக் கேட்டா மழுப்பினார். அப்ப என்கிட்ட இல்ல."

"அப்புறம்?"

"நம்பர் மட்டும் குடுத்திருக்கார். இப்ப ஒண்ணு வந்திருக்கு. ஆனா ஒரே ஊர்லேர்ந்து ரெண்டு பேர் ஒரே உதிரியத் தேடினா எனக்கே சந்தேகமா இருக்கு. களவு வில்லுக்கு நான் கை விக்கிறதில்ல. சனிக்கிழமை உங்க மேல்கையோட நேர்ல வாங்க. சேர்த்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

லூசியன் கேட்டுப் பார்த்திருக்கிறான், கிடைக்கவில்லை, திருடிவிட்டான். ஐலியின் மனதில் கணக்கு முடிந்துவிட்டது.

நேரே பட்டறைக்குப் போனாள். லூசியன் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"உன் வில்லைக் கொஞ்சம் காட்டேன். அளவு பாக்கணும்."

"அது இங்க இல்ல."

"எங்க இருக்கு?"

"இல்லன்னா இல்ல, விடேன்."

"கீழ்க்கை உடைஞ்சு போச்சா?"

லூசியன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "என்ன கேக்க வந்தியோ அத நேரா கேளு."

"என் கீழ்க்கையைக் காணோம். நீ எடுத்தியா?"

லூசியன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அலமாரிக்குப் பின்னாலிருந்து வில்லைக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, கீழ்க்கையைக் கழற்றி அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினான். அங்கே கம்பெனிக்காரன் மையால் எழுதிய எண் மங்காமல் இருந்தது. அது அவளுடைய வில்லின் எண் இல்லை.

"அப்புறம் எதுக்கு இல்லேன்னு பொய் சொன்ன?"

"ஏன்னா கொண்டாந்தா இழுத்துக் காட்டுன்னு சொல்லுவ." இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான். "பாதிகூட இழுக்க முடியல. சங்கத்துல எவனுக்கும் தெரியாது. உனக்கும் தெரிஞ்சிருக்க வேணாம். போதுமா? கிளம்பு."

சனிக்கிழமை, தம்பி வீட்டுக் கூரை வேலைக்குப் போவதாகச் சொல்லி ரூடி விடியுமுன்பே கிளம்பிவிட்டான். ஐலி எங்கே போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் யாரை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேல்கையோடு நடுப்பிடியையும் நாணையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, மேக்கினா பாலத்தைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் ஓட்டினாள்.

கெரிட்டின் களஞ்சியத்துக்கு முன்னால் ரூடியின் பச்சை வண்டி நின்றது.

முதலில் வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தாள். பிறகு பின்கதவில் அவளே இடித்த பள்ளம் கண்ணில் பட்டது. உள்ளே ரூடி மேசை முன்னால் நின்றான். அவன் முன்னால் ஒரு துண்டின்மேல் அவளுடைய கீழ்க்கை கிடந்தது. மேலே ஒட்டியிருந்த கண்ணாடியிழை மரத்தைவிட்டுப் பிரிந்து வாய் பிளந்திருந்தது.

"ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொன்னா யாரு திருடன்னு தெரிஞ்சிரும்னு பாத்தேன்," என்றார் கெரிட். "இவரைத் தெரியுமாம்மா?"

"என் வீட்டுக்காரர்."

கெரிட் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி போட்டு வருவதாகச் சொல்லி நழுவினார்.

ரூடி தரையைப் பார்த்துப் பேசினான். "தம்பிக்கு இழுத்துக் காட்டலாம்னு எடுத்தேன். அம்பு தொடுக்காம வெறும் நாணை இழுத்து விட்டுட்டேன், விசை முழுக்க கையில இறங்கிருச்சு. சடார்னு ஒரு சத்தம். வேற ஒண்ணு வாங்கி மாட்டிட்டா உனக்குத் தெரியாமலே போயிரும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ உறையத் திறந்துட்ட."

"வில்லு உடைஞ்சது போகட்டும். நான் லூசியன் பேரைச் சொன்னேன்ல, அப்ப ஏன் சும்மா இருந்த?"

"பயந்துட்டேன்."

"சும்மாகூட இல்ல. 'யார் மனசுல என்ன இருக்குன்னு கண்டோமா'ன்னு கேட்ட. நான் போய் அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்தேன் ரூடி."

கெரிட் வந்து அவளுடைய மேல்கையையும் தன்னிடமிருந்த கீழ்க்கையையும் பிடியில் பூட்டி, நாணேற்றி, அளவுகோலை வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

திரும்பும் வழியில் இரண்டு வண்டிகளும் லூசியனின் பட்டறை முன் நின்றன. ரூடி இறங்கிப்போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். லூசியன் கடைசிவரை கேட்டான்.

"உன்மேல எனக்குப் பெரிசா கோவமில்ல ரூடி. நீ எப்பவும் பயந்தாங்கொள்ளிதான்," என்றான். பிறகு ஐலியைப் பார்த்தான். "இவதான் அஞ்சாம் கிளாஸ்லேர்ந்து என்னைத் தெரிஞ்சவ."

"தப்புதான் லூசியன். மன்னிச்சிரு."

"அன்னிக்கு நான் சொன்னத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"இவன்கிட்டகூட?"

"இவன்கிட்டகூட சொல்லல."

ரூடி எதுவும் புரியாமல் விழித்தான். அந்த முழியைப் பார்த்துத்தான் லூசியன் அவளை நம்பியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை.

அக்டோபரில் ஐலி புதுக் கையோடு காட்டுக்குப் போய் ஒரு மான் அடித்தாள். அதில் செய்த சாசேஜை லூசியன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அவன் திருப்பி அனுப்பவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. குளிர்காலம் பாதி போனபின் சங்கத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தன் தோளுக்கு ஆபரேஷன் நாள் குறித்திருப்பதை மெல்லச் சொன்னான்.

ரூடியோடுதான் சரியாகவில்லை. தம்பி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று அவன் சொன்னால் அவள் சரி என்பாள். பிறகு சன்னலருகே போய், அவன் வண்டி சாலையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.